கடைசியில் வருபவள்

பாலாற்றங்கரை நடைவழியில் சுகாசினிக்கு இன்னும் ஒரே ஒரு பகுதிதான் பாக்கி. முசரவாக்கம் பக்கமெல்லாம் முன்பே நடந்தாயிற்று. ஐயம்பேட்டை வரையிலான இந்தக் கடைசித் துண்டையும் முடித்தால் சாரணியருக்கான மாநில விருது கைக்கு வந்துவிடும். பிளஸ் டூ பரீட்சை நெருங்குகிறது, இனிமேல் வெளியே விடமாட்டேன் என்று தறியில் உட்கார்ந்தபடியே அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். இன்றைக்கு விட்டால் விட்டதுதான். அந்த விருதுக்காகப் பெண் ஆலாய்ப் பறந்துகொண்டிருந்தாள்.

துணைக்கு வந்தவள் காயத்ரி, பிள்ளையார்பாளையத்தில் பக்கத்து வீட்டுக்காரி. சாரணியர் வழக்கப்படி முன்னால் போகிறவள் கற்களை அம்புக்குறியாக அடுக்கி வழி காட்டவேண்டும். கடைசியில் வருபவள் அதைப் பார்த்து நடந்து, தாண்டும்போது காலால் கலைத்துவிட வேண்டும். வேறு யாரும் அதைப் பார்த்து ஏமாந்து போய்விடக் கூடாதே! காயத்ரி முன்னால் போனாள். சற்று நேரம் விட்டு சுகாசினி கிளம்பினாள்.

வெயில் தாழ்ந்தது. கரையோரத்து அரசமரம் ஒன்றைத் தாண்டியதும் அம்புகள் கரையை விட்டு ஆற்றுக்குள் இறங்கின. சீமைக்கருவேலங்காட்டில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஆட்டுத் தடங்கள் பிரிந்து பிரிந்து கிடந்தன. சேற்று நாற்றம் குமட்டியது. இந்தக் காயத்ரிக்குப் புத்தி கெட்டுப்போச்சா என்று திட்டிக்கொண்டே ஒவ்வொரு அம்பாகக் கலைத்துக்கொண்டு போனாள். கற்கள் ஈரமாக இருந்தன. அது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

கைப்பேசி அடித்தது. காயத்ரிதான்.

"எத்தினி தபா போன் போடறது, லைனே கெடைக்கல. கால் பிசகிக்கிச்சுடி. நான் அப்பவே ரோட்டுக்கு வந்துட்டேன். ஷேர் ஆட்டோ நிக்கிற எடத்துல உக்காந்துக்கினு இருக்கேன்."

"அப்ப இந்தக் கல்லெல்லாம்?"

"எந்தக் கல்லு? அரசமரத்துக்கு அப்பால நான் ஒண்ணுமே வைக்கலயே."

அரசமரத்தைத் தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது.

அடுத்த அம்பு கண்ணெதிரே இருந்தது. அதற்கப்பால் மணல் அள்ளிய பள்ளம், நிறையக் கறுப்புத் தண்ணீர். அம்பு தண்ணீரைத்தான் காட்டியது.

விருதாவது ஒன்றாவது, உயிர் பிழைத்தால் போதும் என்று திரும்பினாள். திரும்பி எங்கே போவது? வந்த வழியைத்தான் தன் காலாலேயே அழித்துவிட்டாளே.

அழியவில்லை.

கலைத்த கற்களெல்லாம் மறுபடியும் அம்பாக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் அவளைப் பார்த்து, பள்ளத்தைப் பார்த்து.

அம்புகளுக்கு எதிர்த்திசையில் ஓடினாள். முள் கிழித்ததுகூடத் தெரியவில்லை. ஓடிய ஓட்டத்தில் ஒரு கல்லையும் அவள் தொடவில்லை. தெருவிளக்கு தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது. காயத்ரி நொண்டிக்கொண்டே எதிரே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். சுகாசினி அழுதேவிட்டாள்.

காயத்ரி அவள் தோளுக்கு மேலாக இருட்டைப் பார்த்தாள்.

"உன் பின்னாடி யார்டி வர்றது?" என்றாள் மெதுவாக.

காட்டுக்குள் கல் உருளும் சத்தம் கேட்டது. அவள் ஓடிவந்த வழியிலேயே, ஒவ்வொரு அம்பாகக் காலால் கலைத்துக்கொண்டு, யாரோ நிதானமாக வந்துகொண்டிருந்தார்கள்.