கேட்டால் மட்டும் நிற்கும்

மெங்கியா பொத்தானை அழுத்தவில்லை. இருந்தும் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

பெட்டியில் வேறு யாரும் இல்லை. கோடைக்கு வந்தவர்கள் போய்விட்ட, பனிச்சறுக்குக்கு வருபவர்கள் இன்னும் வராத நவம்பர் மாதம். கூரை வரை வளைந்த கண்ணாடிக்கு வெளியே லாய் நேர் ஏரி கிடந்தது; கரையோரம் மெல்லிய பனிக்கட்டி, நடுவில் கறுப்பு, அதற்கு மேலே தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நகராமல் நிற்கும் மூடுபனி. இருக்கைக்கு அடியில் ஹீட்டர் தூசியைக் கருக்கிக்கொண்டிருந்தது.

கண்டக்டர் குர்தின் எதையோ மென்றபடி வந்தான். காய்ந்த மாட்டிறைச்சியாக இருக்கும். அவன் வாய் எப்போதும் சும்மா இருந்ததில்லை.

"அல்லேக்ரா, வணக்கம் மேடம்! ஒருவழியா இன்னைக்கு எறங்கப் போறீங்களா? இந்த மாசம் நாலாவது தடவை. நீங்க வர்றது ஏரியப் பாக்கவா, என்னைப் பாக்கவான்னு என் பொண்டாட்டி கேக்குறா."

"நான் அழுத்தல."

"பின்ன, ஏரி மீனா அழுத்துச்சு?" விளக்கை அண்ணாந்து பார்த்தான். "சரி, அப்போ வெளிய எவனோ நிக்கிறான்."

அடுத்த நிறுத்தமான சான் பிளாசியில் கேட்டால்தான் ரயில் நிற்கும். உள்ளே இருப்பவர் கதவருகே உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். ஏற வேண்டியவர் நடைமேடைக் கம்பத்தில் இருப்பதை. உள்ளே இருப்பது பெரியவர்களின் கண் உயரம். கம்பத்தில் இருப்பது தாழ்வானது. சக்கர நாற்காலியில் வருபவருக்கும் எட்டும்.

அவள் கைப்பையில் ஊராட்சிக் கடிதம் இருந்தது. இருபது வருடம் முடிந்த கல்லறைகளைக் கலைத்து, இடத்தை அடுத்தவருக்குத் தருவது இந்தப் பள்ளத்தாக்கின் வழக்கம். லதீனா, வயது ஆறு, மூன்றாம் வரிசை. உடலை வேறிடத்துக்குக் கொண்டுபோக விரும்பும் குடும்பத்தார் நவம்பர் இருபத்தைந்துக்குள் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். வராவிட்டால் சம்மதம் என்று கொள்ளப்படும்.

இன்று இருபத்தைந்து. அழுத்தி இறங்கினால் போதும். கல்லறைத் தோட்டம் நிலையத்துக்குப் பின்னாலேயே இருக்கிறது. மூன்று முறையும் அவள் கை மடியை விட்டு எழவில்லை. இந்த முறையும் எழவில்லை. அதற்காக வருத்தமும் வரவில்லை.

மற்ற தாய்மார்கள் பிள்ளை மண்ணாகிவிட்டதென்று அழுது ஆறியிருப்பார்கள். மெங்கியா முப்பது வருடம் மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவள். ஏரிக்கரைக் களிமண்ணுக்குள் காற்று போகாது என்று அவளுக்குத் தெரியும். காற்றில்லாத ஈரத்தில் உடலின் கொழுப்பு மெழுகாக இறுகிவிடும். பிறகு எதுவும் மாறாது. இருபது வருடமாக அங்கே ஒருத்தி ஆறு வயதிலேயே இருக்கிறாள்.

ரயில் நின்றது. கதவு திறந்தது.

நடைமேடை காலி. கம்பம், கடிகாரம், நனைந்த பெஞ்சு. சுவருக்கு அப்பால் மஞ்சள் நிறத்தில் ஒரு மண்வெட்டும் இயந்திரம், ஓட்டுபவர் இல்லாமல்.

குர்தின் வெளியே தலையை நீட்டி, "ஏறுறவங்க ஏறுங்கப்பா!" என்று கத்தினான். ஏரி அந்தக் குரலைத் திருப்பித் தரவில்லை. குளிர் மட்டும் உள்ளே வந்தது. அதோடு ஒரு வாசனை: ஈரக் களிமண், அணைத்த மெழுகுவர்த்தி.

"ஒருத்தனையும் காணோம். பனில ஒயர் கோளாறாயிருக்கும்." கதவை மூடினான். ரயில் நகர்ந்தது. "காலைல இருந்தே இங்க எல்லாம் கோளாறு மேடம். சம்மதம் வந்த கல்லறைங்களக் கலைக்க ஆளுங்க வந்தாங்களா, மிஷின் பக்கத்துல இருந்த ஒரு சின்னப் பெட்டிய இடிச்சிருச்சாம். மூடி பேந்துடுச்சாம். மண்ணு சோப்பு மாதிரியாம், எதுவும் மக்கலியாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பன்னெண்டு மணி அடிச்சிருச்சு. எங்காளுங்க உலகமே அழிஞ்சாலும் பன்னெண்டுக்குச் சாப்பாடு. ஒரு தார்ப்பாயப் போட்டு மூடிட்டு, போன வண்டில ஏறி ஹோட்டலுக்குப் போய்ட்டானுங்க. ஒண்ணேகாலுக்கு வந்து பாத்துக்குவாங்களாம்." சிரித்தான். "அது எங்க ஓடிப்போகப் போகுது?"

அடுத்த பெட்டிக்குப் போனான். கண்ணாடிக் கதவு அவனுக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

மெங்கியா ஏரியைப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. அன்றும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள், இரவு வேலை முடித்துவிட்டு, கண் எரிய. லதீனாவுக்கு எல்லா நிறுத்தத்திலும் பொத்தானை அழுத்த வேண்டும். எட்டாது. "தூக்கும்மா, தூக்கும்மா" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். தொல்லை விட்டால் போதும் என்று தூக்கினாள். பிள்ளை அழுத்தியது. கீழே விட்டுவிட்டு, பின்னாலேயே வருவாள் என்று இருக்கைக்கு வந்து கண்ணை மூடினாள். விழித்தபோது மூன்று நிறுத்தம் தாண்டியிருந்தது; லதீனா சான் பிளாசியிலேயே இறங்கிப் போயிருந்தாள்.

பனிக்கட்டி அன்றும் மெல்லியதாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்து ஏரியிலிருந்து எடுத்தார்கள்.

போலீஸ்காரர் பொத்தானின் உயரத்தை நாடா வைத்து அளந்தார். குதித்து அழுத்தியிருப்பாள் என்று எழுதிக்கொண்டார். மெங்கியா மறுக்கவில்லை. தூக்கியது யார் என்று தெரிந்தவள் லதீனா ஒருத்திதான்.

சொட்டு.

கதவுப் பக்கமிருந்து. ரப்பர் தரையில் தண்ணீர் விழும் சத்தம். கதவு திறந்தபோது ஒழுகிய பனியாக இருக்கலாம். ரயில் வளைவில் சாய்ந்தது. அவள் காலடி வழியாக ஒரு மெல்லிய நீர்க்கோடு ஓடியது. தண்ணீர் தெளிவாக இல்லை. மேலே எண்ணெய் பூத்து, அதில் வெள்ளையாகச் சிறு துகள்கள் மிதந்தன. ஒன்றை விரலால் தொட்டாள். வழுக்கியது. தேய்த்தாள். கரையவில்லை.

அது என்னவென்று அவளுக்குத் தெரியும். பாடப் புத்தகத்தில் படம் இருந்தது.

எழுந்து அடுத்த பெட்டிக்குப் போகலாம். குர்தினைக் கூப்பிடலாம். கால்கள் இருந்தன. அவை தன்னுடையவை என்று தோன்றவில்லை.

ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது. ஏரி அணைந்தது. கூரைக் கண்ணாடி முழுக்க இப்போது பெட்டியின் உட்புறம் தலைகீழாகத் தெரிந்தது: காலி இருக்கைகள், அவள் நரைத்த உச்சி, கதவு. கதவருகே பொத்தான். பொத்தானுக்குக் கீழே ஏதோ வெள்ளையாக.

நின்றுகொண்டிருந்தது.

அண்ணாந்து. இரண்டு கைகளையும் மேலே நீட்டி.

பொத்தானுக்கு அரை முழம் கீழேயே விரல்கள் நின்றுவிட்டன. குதிக்கவில்லை. அது ஒருநாளும் குதித்ததில்லை. காத்திருந்தது.

ஹீட்டர் நின்றது. சக்கரச் சத்தம் தூரமாகிவிட்டது. சொட்டு. சொட்டு.

கைகள் மெல்ல இவள் பக்கம் திரும்பின.

மெங்கியா எழுந்தாள். நடந்தாள். குனிந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. அக்குளில் கை கொடுத்தாள். குளிர். வழவழப்பு. தூக்கினாள்.

கைகள் எடையை உடனே அறிந்துகொண்டன. இறப்பதற்கு முதல் நாள்தான் பனிச்சறுக்குக் கடைக்காரர் பலகையில் காலைப் பிடிக்கும் பூட்டை எடைக்கேற்ப முடுக்குவதற்காக லதீனாவை எடை பார்த்தார். பத்தொன்பது கிலோ நானூறு.

ஒரு கிராமும் குறையவில்லை.

விளக்கு எரிந்தது. வேகம் குறைந்தது. சுரங்கம் முடிந்து வெளிச்சம் வந்தது. பொத்தானில் ஒரு சிறிய விரலின் தடம், மெழுகாக, வெள்ளையாக.

கண்ணாடிக் கதவு திறந்தது. "இப்போ யாரு, நீங்களா மேடம்..." என்று தொடங்கிய குர்தினின் தாடை அசைவதை நிறுத்தியது. அவன் பார்வை அவள் முகத்தில் இல்லை. அவள் தோளில் இருந்தது.

"கீழ விடுங்க," என்றான். "மேடம். அத கீழ விட்டுருங்க."

"கீழ விட மாட்டேன்," என்றாள் மெங்கியா. "போன தடவ விட்டதுதான் தப்பு."

கழுத்தைச் சுற்றிய கைகள் இறுகின. ரயில் நின்றது. கதவு ஏரிப் பக்கமாகத் திறந்தது. அந்தப் பக்கம் நடைமேடை இல்லை. மெல்லிய பனிக்கட்டி மட்டும் வெள்ளையாக, மூடுபனிவரை. அவள் தோளுக்கு மேலிருந்து ஒரு சிறிய விரல் நீண்டு, அதைச் சுட்டியது.