அம்மா சரின்னுட்டா

அந்த வீட்டு வாசலில் நாங்கள் மூன்று பேரும் போய் இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நல்ல வெயில். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். பேய், பிசாசு என்று நினைக்க அங்கே ஒன்றுமே இல்லை. எனக்குக் கோபம் மட்டும்தான் இருந்தது. அதுவும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்த கோபம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் கார் பட்டறை வைத்திருக்கிறார். நசுங்கிய கதவு, ஒடுங்கிய பானெட் என்று எதைக் கொண்டுபோய்ப் போட்டாலும் தட்டி நிமிர்த்திக் கொடுத்துவிடுவார். அத்தனை நசுங்கலையும் கண்ணால் பார்த்த மனுஷனுக்கு, பெண்ணுக்கு லைசென்ஸ் கையில் வந்ததும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கித் தர வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. அவளுக்கு இப்போதுதான் பதினெட்டு முடிந்திருக்கிறது. வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. அந்தப் பெயரைக் கேட்டாலே போதும், வண்டியைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று யாருக்கும் தெரிந்துவிடும்.

நானோ டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறவள். தினமும் அடுத்தவர் பிள்ளைகளுக்குப் பக்கத்து சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஸ்கூல் வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் சொதப்பினால் நான் மிதித்து நிறுத்திவிடலாம். அது இருப்பதால்தான் நான் இன்னும் முழுசாக வீடு திரும்பிக்கொண்டிருக்கிறேன்.

“நீ சரின்னு சொன்னாத்தான் சாவி அவ கைக்குப் போகும், டீச்சரம்மா. முடிவு உன்னோடது,” என்று வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். வாக்குக் கொடுத்த கையோடு அந்த வீட்டில் விலைக்கு இருந்த பழைய வண்டியை வாங்கவும் கிளம்பிவிட்டார். இதற்கு என்னிடம் கேட்காமலே இருந்திருக்கலாம்.

கதவைத் திறந்த அம்மாள் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். புருஷன் போன பிறகு தனியாக இருக்கிறார், வண்டி பல மாதமாக ஓடாமல் கிடக்கிறது என்று வீட்டுக்காரர் வழியில் சொல்லியிருந்தார். கண்ணுக்குக் கீழே கறுப்பு தட்டியிருந்தது. வாசற்படியைத் தாண்டி அவர் வெளியே வரவில்லை.

“யாரு ஓட்டப் போறது?”

“எங்க பொண்ணுதாங்க!” வீட்டுக்காரர் குரலில் பெருமை வழிந்தது.

அந்த அம்மாள் வாலுவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“நீ சம்மதிச்சியாம்மா?”

நான் வாயைத் திறப்பதற்குள், “அவளுக்கும் இஷ்டம்தாங்க,” என்று வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். அந்த அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாவியை நீட்டினார். அந்நிய வீட்டு வாசலில் சண்டை போட வேண்டாம் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வண்டி பின்னால் ஒரு ஷெட்டில் இருந்தது. கருநீலம். தரையோடு தரையாகப் படுத்திருந்தது. ஷெட்டில் மற்ற சாமான்கள் மேலெல்லாம் தூசி கனமாகப் படிந்திருந்தது. வண்டியில் மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்லை. பக்கத்து சீட்டின் கதவைத் திறந்ததும் பிரேக் கருகுகிற நெடி மூக்கில் ஏறியது. அந்த நெடி எனக்கு அத்துப்படி. ஆனால் பல மாதமாக ஓடாத வண்டியில் அது வருவதற்கு வழியே இல்லை.

குனிந்து பார்த்தேன். கால் வைக்கிற இடத்தில் கார்ப்பெட் தேய்ந்து, கிழிந்து, அடியிலிருந்த தகடு பளபளவென்று தெரிந்தது. ஒரு பாதத்தின் அகலம்தான் இருக்கும். என் ஸ்கூல் வண்டியில் இரண்டாவது பிரேக் இருக்கிற அதே இடம்.

இங்கே பிரேக் ஏதும் இல்லை. வெறும் தரைதான்.

வீட்டுக்காரர் அன்று சாயங்காலமே பட்டறையில் புது கார்ப்பெட் ஒட்டினார். காலையில் போய்ப் பார்த்தால் அதே இடத்தில் நூல் நூலாகப் பிரிந்து கிடந்தது.

“எலியா இருக்கும்,” என்றார்.

“எலி ஷூ போட்டுக்கிட்டு வருதா?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரம் முழுக்க வீட்டில் இதே பேச்சுதான். வாலு ஒரு பக்கம் கெஞ்சினாள். “ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறே, நம்ம பிள்ளைய நம்ப மாட்டேங்கிறியே,” என்று அவர் ஒரு பக்கம் குத்தினார். நான் நம்பாதது பிள்ளையை இல்லை. கால் பட்டதும் பறக்கிற அந்த எஞ்சினையும், பதினெட்டு வயதில் யாருக்கும் சாவு வராது என்கிற நினைப்பையும்தான். கடைசியில், “ஒரே ஒரு தடவை பக்கத்துல உக்காந்து பாரு. அப்புறமும் வேண்டாம்னு சொன்னா நான் வாயே திறக்க மாட்டேன்,” என்றார். தொல்லை விட்டால் சரி என்று ஒப்புக்கொண்டேன்.

மூடிப்போன தொழிற்சாலைக்குப் பின்னால் நீளமான ஒரு ரோடு இருக்கிறது. லாரிகள் வந்துபோன காலத்தில் போட்டது. கடைசியில் ஒரு மதில் சுவரில் போய் முடியும். ஆள் நடமாட்டம் கிடையாது. மத்தியான வெயிலில் வீட்டுக்காரர் ஓரமாக நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பெரிய படப்பிடிப்பு!

வாலு நன்றாகத்தான் ஓட்டினாள். அதை மறைக்க மாட்டேன். கண்ணாடியைப் பார்த்தாள், ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்காமல் இருந்தாள், சொன்ன வேகத்தில் போனாள். வண்டியில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் அவள் வேறு பெண். என் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. ஒரு நிமிஷம் எனக்கே மனது இளகியது.

அப்போதுதான் நெடி வந்தது.

பிரேக் கருகுகிற அதே நெடி. அவள் இன்னும் பிரேக்கைத் தொடவே இல்லை.

என் சீட் பெல்ட் இறுகியது. யாரோ பின்னாலிருந்து நிதானமாக இழுத்துக்கட்டுவது போல இறுகியது. என் காதோரம் சூடாக ஒரு மூச்சு பட்டது. அந்த வண்டியில் பின் சீட்டே கிடையாது.

“இன்னும் கொஞ்சம் மிதி.”

சொன்னது என் வாய்.

நான் சொல்லவில்லை. என் நாக்கு புரண்டது, என் குரல் வந்தது, நான் சொல்லவில்லை.

வாலு நம்ப முடியாமல் ஒரு பார்வை பார்த்தாள். “நிஜமாவாம்மா?”

“மிதி. நான் இருக்கேன்ல.”

அந்த வார்த்தையை நான் எந்தப் பிள்ளையிடமும் சொன்னதே இல்லை. காலடியில் பிரேக் இல்லாமல் பக்கத்து சீட்டில் ஒருவர் இருந்து என்ன பிரயோஜனம்? ஆனால் அவளுக்கு அம்மா சொன்னால் சொன்னதுதான். மிதித்தாள். வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்தது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது.

மதில் சுவர் வளர்ந்துகொண்டே வந்தது.

என் வலது கால் தன்னால் முன்னே போய்த் தரையை அழுத்தியது. பழக்கம், வேறென்ன. ஆனால் என் செருப்புக்கு அடியில் தரை இல்லை.

இன்னொரு கால் இருந்தது.

ஆண்பிள்ளையின் கால். ஷூ போட்ட கால். எனக்கு முன்பே அது அந்த இடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. விட்டு விட்டு, வெறி பிடித்தது போல அழுத்திக்கொண்டிருந்தது. வண்டியின் வேகம் ஒரு துளிகூடக் குறையவில்லை. காதோரம் அந்த மூச்சு அழுதுகொண்டே சிரித்தது.

பயம் வர வேண்டிய இடத்தில் எனக்கு வந்தது ஆத்திரம். என் வாயை எடுத்து என் பிள்ளையிடம் பேச இவன் யார்? வயிற்றிலிருந்து கிளம்பிய அந்த ஆத்திரத்தில்தான் என் நாக்கு எனக்குத் திரும்பி வந்தது.

“எடுடா காலை!”

கத்திக்கொண்டே கியரை நியூட்ரலில் தள்ளினேன். எஞ்சின் வெறுமனே அலறியது. “வாலு, பிரேக்! முழுசா மிதி!” என்றேன். அவள் மிதித்தாள். டயர்கள் கிறீச்சிட, வண்டி ஆடிக் குலுங்கி, சுவருக்கும் பானெட்டுக்கும் இடையில் ஒரு ஆள் நிற்க முடியாத தூரத்தில் நின்றது.

வாலு ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதாள். “நீதானேம்மா மிதின்னே... நீ சொன்னதாலதானே...”

 அவளை இறக்கிவிட்டு, தண்ணீர் குடிக்க வைத்தேன். மூச்சிரைக்க ஓடிவந்த வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

“என் முடிவு இதுதான்: வேண்டாம். இன்னைக்கும் வேண்டாம், என்னைக்கும் வேண்டாம்,” என்றேன்.

“சரி,” என்றார். வாதாடவே இல்லை. “நாளைக்கே திருப்பிக் கொடுத்துடறேன்.” வண்டியைப் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தி, சாவியை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

எனக்கு மட்டும் ஆறவில்லை. மறுநாள் மத்தியானம் வேலையை முடித்துக்கொண்டு நேராக அந்த அம்மாள் வீட்டுக்குப் போனேன். நாலு கேள்வி கேட்காமல் திரும்புவதில்லை என்றுதான் போனேன். கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு போயிருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

“அந்த வண்டியில யாரு இருக்கா?” என்று கேட்டேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. “எங்க வீட்டுக்காரர்,” என்றார்.

உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டேன்.

“பையனுக்கு உன் பொண்ணு வயசுதான். வண்டி வேணும்னான். நான் வேண்டாம்னேன். தலையால தண்ணி குடிச்சுச் சொன்னேன். நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள, ‘அம்மா சரின்னுட்டா, வாடா’ன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிட்டார். பக்கத்து சீட்ல உக்காந்துக்கிட்டு மிதி மிதின்னாராம். ஆஸ்பத்திரியில அவரே சொன்னார். பையன் வரவே இல்ல. இவர் மட்டும் வந்தார்.”

“அப்புறம்?”

“வண்டியப் பழையபடி ஆக்கினார். பிள்ளைய ஆக்க முடியல. நாள் முழுக்க ஷெட்ல, அந்தப் பக்கத்து சீட்லயே உக்காந்து தரைய மிதிச்சுக்கிட்டு இருப்பார். ‘இன்னொரு தடவை ஓடினாப் போதும், இந்தத் தடவை நான் சரியான நேரத்துல மிதிச்சு நிறுத்திடுவேன்’னு சொல்லிக்கிட்டே இருப்பார். உயிர் போனதும் அதுலதான். போன பிறகும் தினம் சத்தம் கேட்டுது. டொம்மு, டொம்முன்னு.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “தெரிஞ்சே எங்க தலையில கட்டினீங்களா? எங்க வீட்லயும் ஒரு பிள்ளை இருக்குன்னு தெரிஞ்சே?”

“எனக்குத் தூக்கம் வேணும்மா,” என்றார். வெட்கமே இல்லாமல் சொன்னார். “உன்னைக் கேட்டேனே, சம்மதிச்சியான்னு. நீ பேசாம நின்னே.”

கையை ஓங்கியிருப்பேன். அவர் முகம் சுளிக்கக்கூட இல்லை. கதவைப் படாரென்று சாத்திவிட்டுத் தெருவுக்கு வந்தேன். அந்த வண்டியை நசுக்கிப் பழைய இரும்புக்குப் போட்டால்தான் எனக்கு மனது ஆறும் என்று தோன்றியது. அதைச் சொல்வதற்காக வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டேன்.

“அந்த வண்டிகிட்ட யாரும் போகாதீங்க. நான் வர்ற வரைக்கும் சாவியத் தொடாதீங்க,” என்றேன்.



“என்ன விளையாடறே? சாவிய நீதானே வாங்கிட்டுப் போனே?”

“நானா?”

“இப்பத்தான், அரை மணி இருக்கும். வாலுவக் கூட்டிக்கிட்டுப் பட்டறைக்கு வந்தியே. ‘யோசிச்சுப் பார்த்தேன், ஓட்டட்டும், நான் பக்கத்துல இருக்கேன்’னு சொன்னே. எனக்கே அதிசயமா இருந்துது. சிரிச்ச முகமா, ஒரு சொல்லு கடுமையில்லாம பேசினே.” அவர் குரல் மெல்ல இறங்கியது. “நீ எங்கேருந்து பேசறே?”

நான் இணைப்பைத் துண்டித்தேன்.  வாலுவின் நம்பரை மூன்று தடவை தப்பாக அழுத்தினேன்.

மணி அடித்தது. எடுத்துவிட்டாள். பின்னால் எஞ்சின் இரைச்சல். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், காற்று அடித்தது.

“வாலு! வண்டிய நிறுத்து! இந்த நிமிஷம் நிறுத்து!”

“ஹலோ? யாரு?” அவள் குழம்பினாள். “அம்மா, இங்கே பாரேன், உன் நம்பர்லேருந்து யாரோ...”

அவள் என்னிடம் பேசவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்தில் யாரிடமோ பேசினாள்.

“அது நான் இல்லடி! நான் இங்கே இருக்கேன்! தெருவுல நிக்கறேன்!”

இரைச்சலுக்கு நடுவில் ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். ஆனால் கோபமே இல்லாத என் குரல். நான் அவளிடம் ஒருநாளும் பேசியிராத பொறுமையோடு பேசியது.

“ஓட்டும்போது போன் எதுக்கு கண்ணு? வெச்சுட்டு ரோட்டைப் பாரு. இன்னும் கொஞ்சம் மிதி.”

வண்டியில் உட்கார்ந்துவிட்டால் அம்மா பேச்சைத் தட்டாத பெண் அவள். போனை வைத்துவிட்டாள்.