சாம்பல் நிற நூல்

படம் எடுக்க வரவிருந்த மிரேலாவின் பதில் பதினொன்று இருபதுக்கு வந்தது.

"வெளிச்சம் அருமை. குழந்தைய எழுப்ப வேணாம், அப்படியே படுத்திருக்கட்டும். கையில இருக்கிற சிவப்பு நூல மட்டும் கழட்டிடுங்க."

ரலித்சா தான் அனுப்பியிருந்த படத்தைத் திறந்து பார்த்தாள். சன்னலோரம் தரையில் விரித்த வெள்ளைப் போர்வை, அதைச் சுற்றி அரைவட்டமாக இரண்டு தலையணைகள். அவ்வளவுதான். படம் பிடிக்கும் இடத்தை முன்கூட்டியே காட்டச் சொல்லியிருந்ததால் எடுத்தது அது. குழந்தை அதில் இல்லை. யாவொர் உள்ளறைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். கண்ணேறு படாமலிருக்க அவன் மணிக்கட்டில் கட்டியிருந்த சிவப்பு நூலைக் காலையில் அவளே கத்தரித்துத் தீப்பெட்டியில் போட்டுவிட்டாள்.

வேறு யாருக்கோ போக வேண்டிய பதில், தவறி இங்கே வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வாரத்துக்கு ஐந்தாறு குழந்தைகளைப் படம் பிடிப்பவளுக்கு ஒரு வீடு இன்னொரு வீட்டோடு குழம்பத்தானே செய்யும்.

மிரேலா கொடுத்திருந்த பட்டியல் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. அறை இருபத்தெட்டு டிகிரி இருக்க வேண்டும், குழந்தையின் உடுப்பைக் களையப் போவதால். பெற்றோர் கோடு, பூ இல்லாத வெளிர் நிற உடை அணிய வேண்டும். பிறந்து பதினான்கு நாளுக்குள் எடுத்தால்தான் குழந்தை வயிற்றுக்குள் இருந்ததுபோலச் சுருண்டு தூங்கும். கயிறு, நூல், தாயத்து எதுவும் வேண்டாம். தொட்டிலும் படத்தில் வரும், அதில் எதுவும் தொங்கக் கூடாது. துணி போட்டு மூடிய நிலைக்கண்ணாடிகளைத் திறந்து வைத்தால் வெளிச்சம் கூடும்.

எல்லாவற்றையும் அவள் செய்துவிட்டாள். யாவொர் பிறந்து இன்று பதினோராவது நாள். நாற்பது நாள் கழியும்வரை அந்நியர் கண்ணில் குழந்தை படக் கூடாது என்பது ரூசே நகரில் பிறந்த எவருக்கும் தெரியும். கணவன் பிளாமெனின் அக்கா ஸ்தான்கா அதற்காகக் காலையிலேயே போனில் பிடித்துக்கொண்டாள்.

"பதினோரு நாள்ல போட்டோவா? புள்ள என்ன பாஸ்போர்ட்டுக்கு அப்ளை பண்ணியிருக்கானா?"

"நாற்பதுக்கு அப்புறம் இப்படி சுருண்டு படுக்க மாட்டான் அண்ணி."

"நீட்டிப் படுத்தா அவன் உன் புள்ள இல்லைன்னு ஆயிடுமா? என்னமோ பண்ணு. நூலெல்லாம் அவுத்துடாத."

ரலித்சா போனை வைத்தாள். இரண்டு வருடத்துக்கு முன் ஏழாம் மாதத்திலேயே அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. இரண்டு மணி நேரம் உயிரோடு இருந்தது. பெயர் வைக்கவும் நேரமில்லை. ஒரு படம்கூட யாரும் எடுக்கவில்லை. மருத்துவமனையில் படுத்தபடியே அவள் பின்னி முடித்த சாம்பல் நிறக் கம்பளிக் குல்லாயைத் தலையில் மாட்டிக் கொண்டுபோனார்கள். இப்போது அந்த முகம் அவள் நினைவில் இல்லை. மூக்கு எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் வருவதில்லை. யாவொருக்கு அப்படி ஆகக் கூடாது. அவன் முகம் காகிதத்தில் இருந்தாக வேண்டும், பதினான்கு நாளுக்குள்.

தொட்டில் விளிம்பில் கட்டியிருந்த நூல்களைக் காலையில் அவிழ்த்தபோதுதான் ஒன்றைக் கவனித்தாள். குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் போகும்போது தங்கள் உடையிலிருந்து ஒரு இழை பிய்த்துத் தொட்டிலில் விட்டுப் போவார்கள், குழந்தையின் தூக்கத்தைத் தங்களோடு எடுத்துப் போகாமல் இருக்க. இதுவரை வந்தவர்கள் மூன்று பேர்: ஸ்தான்காவின் நீலம், அவள் புருஷனின் பச்சை, மாடிவீட்டு மரியானாவின் மஞ்சள். நூல்கள் நான்கு இருந்தன. நான்காவது, சாம்பல் நிறக் கம்பளி. தொட்டால் ஈரமாக இருந்தது. பிளாமெனின் ஸ்வெட்டராக இருக்கும் என்று தீப்பெட்டிக்குள் தள்ளி மூடினாள். பிளாமெனிடம் சாம்பல் நிற ஸ்வெட்டர் இல்லை என்பது மூடிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இப்போது அவன் மிரேலாவையும் அவள் பைகளையும் கூட்டிவரக் காரில் போயிருந்தான். லிஃப்ட் பழுது, ஆறு மாடி.

வீடு கொதித்தது. அறையைச் சூடாக்க வைத்த இரண்டு மின் அடுப்புகளும் சிவந்து எரிந்தன, சன்னல் கண்ணாடியில் நீர் கோத்துக்கொண்டது, அதற்கு அப்பால் தானூப் ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனி பகல் பதினொன்றரைக்கே எதிர்க் கட்டிடத்தை முழுங்கி வெறும் வெள்ளைச் சுவராக நின்றது, அந்த வெள்ளை வெளிச்சம் போர்வையின் மேல் நிழலே இல்லாமல் படிந்தது, தலையணை உறையில் சோப்பு வாசனையும் அவள் சட்டையில் பால் வாசனையும் அடித்தன, உள்ளறையில் குழந்தை தூங்குவதற்காகப் பழைய கைப்பேசி ஒன்றில் ஓடவிட்டிருந்த மழைச்சத்தம் ஒரே அளவில் பெய்துகொண்டிருந்தது. அந்த மழைக்கு அடியில் இன்னொரு சத்தம். யாரோ உறிஞ்சுவது போல. விட்டு விட்டு.

அவள் போர்வையைச் சரிசெய்யக் குனிந்தாள். நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. கைப்பிடி அகலம், ஒரு முழத்துக்கும் குறைவான நீளம். நீவி விட்டாள். உள்ளங்கைக்குச் சூடாக இருந்தது. மின் அடுப்பு அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

நிமிர்வதற்குள் பள்ளம் மறுபடி விழுந்திருந்தது.

உள்ளறைக்குப் போனாள். உறிஞ்சும் சத்தம் நின்றது. மழை மட்டும்.

தொட்டிலில் குழந்தை கண் திறந்து கிடந்தது. அழவில்லை. பால் குடிக்கும் நேரம் தாண்டி அரை மணி ஆகிவிட்டது, யாவொர் ஐந்து நிமிடம் பொறுக்க மாட்டான். இது பொறுத்தது. அவளையே பார்த்தது. நனைந்த கம்பளியின் நெடி. கன்னத்தைத் தொட்டாள். குளிர். அந்த வெப்பத்தில், கன்னம் குளிர்ந்திருந்தது. இடது மணிக்கட்டில் சாம்பல் நூல் கட்டியிருந்தது.

சமையலறைக்கு ஓடித் தீப்பெட்டியைத் திறந்தாள். நீலம், பச்சை, மஞ்சள். சிவப்பு இல்லை. சாம்பலும் இல்லை.

வாசல் கதவில் சாவி திரும்பியது.

"அடேயப்பா, வீடா பேக்கரியா இது" என்றபடி பிளாமென் மூச்சு வாங்க பைகளை இறக்கினான். பின்னால் வந்த மிரேலா செருப்பைக் கழற்றி, கையைக் கழுவி, நேரே தொட்டிலிடம் போய்க் குழந்தையைத் தூக்கினாள். ரலித்சா வாயைத் திறப்பதற்குள் அதன் உடுப்பைக் களைந்து வெளிர் துணியில் சுற்றிவிட்டாள்.

"நூல மாத்திட்டீங்களா? இந்தச் சாம்பல் நல்லா இருக்கு. இதுவே இருக்கட்டும்."

"அங்க வேணாம்" என்றாள் ரலித்சா. "போர்வை மேல வேணாம்."

மிரேலா ஏற்கனவே கிடத்திவிட்டாள். சரியாகப் பள்ளத்தின் மேல்.

மிரேலா அதன் கையை எங்கே வைத்தாலும் அங்கேயே இருந்தது. விரல்களைப் பிரித்தால் பிரிந்தன, மடக்கினால் மடங்கின. கன்னத்துக்கு அடியில் கைகளைச் சேர்த்து வைத்தாள், சேர்ந்து நின்றன. காமெரா சத்தம். மறுபடி. மறுபடி.

"பத்து வருஷமா எடுக்கிறேன், இவ்வளவு சமத்தா ஒன்ன பாத்ததில்ல."

"அம்மா மாதிரி இல்ல" என்றான் பிளாமென். "இவளத் தூங்க வைக்கவே எனக்கு அஞ்சு வருஷம் ஆச்சு."

ரலித்சா மிரேலாவிடம் திரும்பினாள். "நான் காலைல அனுப்பின படம்," என்றாள், "உங்க போன்ல காட்டுங்க."

மிரேலா ஒரு கையால் தேடி எடுத்து நீட்டினாள். "இதோ. எப்படித் தூங்குறான் பாருங்க."

அதே போர்வை. அதே தலையணைகள். நடுவில் யாவொர். மணிக்கட்டில் சிவப்பு நூல். தூங்கவில்லை. வாய் முழுக்கத் திறந்து, முகம் கன்றி, இரண்டு கையையும் மேலே நீட்டி.

"அழறான்" என்றாள்.

பிளாமென் எட்டிப் பார்த்தான். "எங்க அழறான்? தூங்குறான்டி."

அவள் போர்வையிலிருந்த குழந்தையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். கனமில்லை. ஏழாம் மாதத்தில் பிறந்ததற்கு உரிய கனம். அது தலையைத் திருப்பியது. மூக்கு சிறியது, நுனி லேசாக மேலே தூக்கியிருந்தது. அவள் மறந்திருந்த மூக்கு.

"களைச்சுப் போயிருக்க, குடு" என்று பிளாமென் வாங்கிக்கொண்டான். மிரேலா பார்வையைத் தாழ்த்திக்கொண்டு பைகளைக் கட்டத் தொடங்கினாள். "பத்து நாளும் தூக்கமில்லாம இருந்திருப்பாங்க," என்றாள் மெதுவாக, "எல்லா வீட்லயும் இதான்." போதுமான படங்கள் கிடைத்துவிட்டன.

"வேகுது இங்க." பிளாமென் காலால் ஒரு மின் அடுப்பின் பொத்தானை அழுத்தினான். பிறகு இன்னொன்றை.

"அணைக்காத."

"போட்டோதான் முடிஞ்சிருச்சே."

"பிளாமென். அணைக்காத. அவன் துணியில்லாமக் கிடக்கான்."

"யாரு? இவனா? போத்தித்தான் வெச்சிருக்கேன்."

சன்னலைத் திறந்தான். மூடுபனி உள்ளே வந்தது. ரலித்சா போர்வையின் மேல் மண்டியிட்டாள். பள்ளம் இருந்தது. இன்னும் சூடு இருந்தது. குனிந்தால் பால் வாசனை, சோப்பு வாசனை, அவன் உச்சந்தலை வாசனை. கையால் துழாவினாள். துணி. துணி மட்டும். பக்கத்தில் படுத்து உடம்பால் அதை வளைத்துக்கொண்டாள். சூடு ஓரங்களிலிருந்து குறைந்தது.

அவளுக்குப் பின்னால், பிளாமெனின் கையில், அது முதல்முறையாக அழுதது. மெல்லிய குரல். இரண்டு மணி நேரம் மட்டும் கேட்ட குரல்.

அவளுக்குப் பால் சுரந்தது. சட்டை நனைந்து, ஒரு சொட்டு பள்ளத்தில் விழுந்தது.

விழுந்த சொட்டு மறைந்தது. துணியில் ஈரமில்லை.

இரண்டாவது சொட்டும் மறைந்தது.

பின்னால் அழுகை ஓங்கியது. "பசிக்குது இவனுக்கு," என்றான் பிளாமென், "வா." அவள் அசையவில்லை. கையடியில் துணி குளிர்ந்துகொண்டே வந்தது.

மூன்றாவது சொட்டு வெள்ளைத் துணியில் வட்டமாகப் படர்ந்து, அப்படியே நின்றது.