ஒன்பதாம் வளைவு

மலையேற்றத்தில் ஃப்ரீவீல் சத்தம் கேட்கக் கூடாது. பெடல் நின்றால்தான் பின் சக்கரத்தில் அந்த டிக் டிக் டிக் எழும். கோர்னா கணவாய்ச் சாலையில் பெடலை நிறுத்தினால் அடுத்த கணமே சைக்கிளும் நின்றுவிடும், அதற்கடுத்த கணம் ஓட்டியவர் தார்ச்சாலையில் கிடப்பார். சின்ன வயதிலிருந்தே இந்தச் சாலையில் முட்டி தேய்த்தவள் நீவெஸ். அதனால் பைன் மரங்கள் முடிந்து வெறும் பாறை தொடங்கும் இடத்தில், முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் அலட்டிக்கொள்ளாமல் ஒரே சீராக வந்தபோது, அவளுக்கு முதலில் தம்பி மேல்தான் எரிச்சல் வந்தது.

"ஆல்வீசே, என்னடா பண்ற? மிதிக்காம சும்மா வர்றியா?"

"சும்மாவா?" பின்னால் மூச்சு இரைத்தது. "நாக்கு தொங்கி முன் சக்கரத்துல மாட்டப் போகுது. திரும்பிப் பாத்துட்டுப் பேசு."

திரும்பிப் பார்த்தாள். அவன் மிதித்துக்கொண்டுதான் இருந்தான். முகம் தக்காளியாகச் சிவந்திருக்க, மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. அவனுக்குப் பின்னால் சாலை காலியாகக் கீழே வளைந்து போனது. சத்தமும் நின்றிருந்தது.

"பாறையில பட்டுத் திரும்புற சத்தமா இருக்கும்" என்றாள் அவனிடம். யாருமே பெடலை நிறுத்தாதபோது பாறை எதைத் திருப்பி அனுப்பும் என்று தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

செப்டம்பர் கடைசி ஞாயிறு. இன்னும் சில நாளில் பனி விழும், சாலையை மூடிவிடுவார்கள். போன வருடம் இதே மாதிரி ஒரு இறக்கத்தில் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டவன் ஆல்வீசே. ஏறச் சொன்னால் ஏறுவான். இறங்க வேண்டும் என்றால் விரல்கள் பிரேக்கில் கல்லாகிவிடும். "குளிர்காலம் முழுக்க இந்தப் பயம் உள்ள கெடந்துதுன்னா, அடுத்த வசந்தத்துல நான் சைக்கிளத் தொட மாட்டேன்" என்று அவனே வந்து கேட்டதால்தான் நீவெஸ் அவனைக் கூட்டி வந்தாள். அவன் மனைவி ஒரியெட்டா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நீவெஸ், இவன முழுசாத் திருப்பிக் கொண்டு வா." விளையாட்டாகத்தான் சொன்னாள். கண்ணில் விளையாட்டு இல்லை.

காற்று எதிரே திரும்பியதும் நீவெஸ் வலது முழங்கையை வெடுக்கென்று வெளியே ஆட்டினாள். 'முன்னால் போய்க் காற்றைத் தடுக்கும் என் முறை முடிந்தது, நீ வா' என்று அதற்கு அர்த்தம். செத்துக்கொண்டிருந்தாலும் அதை யாரும் மறுப்பதில்லை. ஆல்வீசே முனகிக்கொண்டே முன்னால் வந்து எதிர்காற்றைத் தன் நெஞ்சில் தாங்கிக்கொண்டான்.

ஒன்பதாம் வளைவில் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். இந்தச் சாலையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் எண்பலகை உண்டு. ஒன்பதில் பலகை மட்டும் இருந்தது. ஆகஸ்ட் மழையில் தடுப்புச் சுவர் மொத்தமாகச் சரிந்து போக, அந்த இடத்தில் ஒரு ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் வலையைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். வலைக்கு அந்தப் பக்கம் எதுவும் இல்லை. வெகு ஆழத்தில் ஆற்றின் இரைச்சல் மட்டும் இருந்தது.

"திரும்பி வர்றப்ப இங்க இறங்கி நடந்துடுவோம்" என்றாள் நீவெஸ்.

"இத நீ சொல்லணுமா? நான் தவழ்ந்துகூடப் போவேன்."

உச்சியில் எர்மேத்தேயின் விடுதியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஈரக் கம்பளி வாசனை, காப்பி வாசனை, புகை. நாற்காலிகளை எல்லாம் மேசை மேல் கவிழ்த்து, குளிர்காலத்துக்குக் கடையைக் கட்டிக்கொண்டிருந்தார் எர்மேத்தே. கிழடு தட்டினாலும் வாய் குறையாத மனிதர். இறங்கப்போகும் சைக்கிள்காரர்களுக்காகப் பழைய செய்தித்தாள்களை ஒரு மரப்பெட்டியில் சேர்த்து வைத்திருப்பார். அதை மடித்து நெஞ்சில் சட்டைக்குள் செருகிக்கொண்டால் இறக்கத்தின் குளிர்காற்று எலும்பைத் தொடாது.

"இந்தாங்க, நேத்து அரசியல்வாதிங்க சொன்ன பொய்யெல்லாம் சூடா இருக்கும்" என்று கட்டுக்கட்டாக எடுத்து வைத்தார். மூன்று கட்டுகள்.

"நாங்க ரெண்டு பேர்தான்."

"வெளிய ஒண்ணு நிக்குதே? உங்க கிளப்போட பச்சைச் சட்டைதான் போட்டிருக்கு. உள்ள வந்து காப்பி குடிச்சா காசு கேப்பேன்னு பயமா அதுக்கு?"

நீவெஸ் ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடிக்கு வெளியே மூடுபனி வந்து அப்பியிருந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

"எர்மேத்தே, ஒயினக் கொஞ்சம் கொறைங்க" என்று ஆல்வீசே சிரித்தான். மூன்றாவது கட்டை வெளிப்பெஞ்சில் போட்டுவிட்டு இருவரும் டயருக்குக் காற்று பார்த்தார்கள். நிமிர்ந்தபோது பெஞ்சில் அது இல்லை.

"காத்து தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றான் ஆல்வீசே.

காற்றே இல்லை. மூடுபனி அசையாமல் நின்றது. நீவெஸ் பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தாள், அங்கேயும் இல்லை. அதை வாய்விட்டுச் சொன்னால் தம்பி இன்றைக்கு இறங்க மாட்டான், என்றைக்குமே இறங்க மாட்டான் என்று வாயை மூடிக்கொண்டாள்.

"கேட்டுக்கோ" என்றாள். "ரோட்டப் பாக்காத. பள்ளத்தப் பாக்காத. என் பின் சக்கரத்த மட்டும் பாரு. நான் திரும்பிப் பாக்க முடியாது, தலை திரும்பினா சைக்கிளும் திரும்பிடும். அதனால ஒவ்வொரு வளைவுலயும் 'வளைவு'ன்னு கத்துவேன். நீ 'இருக்கேன்'னு பதில் சொல்லணும். உன் குரல் கேட்டாத்தான் நான் அடுத்த வளைவுக்குப் போவேன்."

"இல்லேன்னா?"

"பதில் சொல்லுடா, அவ்வளவுதான்."

இறங்கினார்கள்.

மூடுபனிக்குள் சாலை ஒரு கைவிரிப்பு அகலத்துக்கு மட்டும் தெரிந்தது, வெள்ளைக் கோடு எங்கிருந்தோ முளைத்து வந்து சக்கரத்துக்கடியில் மறைந்தது, நெஞ்சில் செய்தித்தாள் சரசரத்தது, காதுக்குள் குளிர் ஊசியாக இறங்கியது, பின்னால் ஆல்வீசேயின் நனைந்த பிரேக் ஒவ்வொரு திருப்பத்திலும் கன்றுக்குட்டி மாதிரி கத்தியது.

"வளைவு!"

"இருக்கேன்! உயிரோட இருக்கேன்!"

அவன் குரல் நடுங்கியது. அவளுக்குச் சிரிப்பும் பாசமும் ஒன்றாக வந்தன.

"வளைவு!"

"இருக்கேன்! கொஞ்சம் மெதுவாப் போயேன், புண்ணியமாப் போகும்!"

அடுத்த வளைவில் கொஞ்சம் தாமதித்துத்தான் பதில் வந்தது. ஆனால் வந்தது.

"இருக்கேன்."

நடுக்கம் இல்லை. தெளிவான, அமைதியான குரல். அதற்கடுத்ததிலும் அப்படியே. அடடா, பயல் பயத்தை விட்டுவிட்டான் என்று நீவெஸ்ஸுக்கு மனம் நிறைந்து போனது. ஒரியெட்டாவிடம் போய் என்ன சொல்ல வேண்டும் என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். அவனுடைய ஃப்ரீவீல் சத்தம் இப்போது அவள் சக்கரத்துக்கு மிக அருகில், ஒட்டியே வந்தது. டிக் டிக் டிக். பயந்தவன் இவ்வளவு நெருங்கி வரமாட்டான்.

"வளைவு!"

"இருக்கேன்."

இறக்கம் செங்குத்தானது. இரண்டு கையாலும் பிரேக்கை அழுத்தினாள். அவளுடைய பிரேக் கிறீச்சிட்டது. அப்போதுதான் கவனித்தாள். பின்னால் அந்தக் கன்றுக்குட்டிச் சத்தம் இல்லை. எப்போது நின்றது என்று நினைவில்லை. இந்தச் சரிவில் பிரேக் பிடிக்காமல் எப்படி ஒருத்தன் அவளை இடிக்காமல் வருவான்?

எண்பலகை மூடுபனியில் தெரிந்தது. மூச்சை இழுத்தாள்.

"இருக்கேன்" என்றது பின்னால்.

அவள் இன்னும் கத்தவில்லை.

திரும்பக் கூடாது. திரும்பினால் விழுவாள்.  ஏதோ வாசனை வந்தது. பழைய அச்சு மை, நனைந்த தாள், அதற்கடியில் நெடுநாள் மூடிக்கிடந்த குகையின் ஈரம்.

"ஆல்வீசே?"

"இருக்கேன்."

"உன் கொழந்த பேரு என்னடா?"

டிக் டிக் டிக்.

"இருக்கேன்."

நீவெஸ்ஸுக்குப் பயமாக இருந்தது. பிறந்ததிலிருந்து இப்படிப் பயந்ததில்லை.  ஒன்பது வருகிறது. ஒன்பதில் நிற்க வேண்டும். நின்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்தினாள். பலகை. ஒன்பது. ஆரஞ்சு வலை. காலை ஊன்றி நின்றாள்.

பின்னால் டிக். டிக்.

நின்றது.

திரும்பினாள்.

யாரும் இல்லை. மூடுபனி. ஈரச் சாலை. ஆழத்தில் ஆறு. அவளுடைய மூச்சு.

அப்போது மேலே, வெகு மேலே, ஒரு குரல் கத்தியது.

"வளைவு!"

அது அவளுடைய குரல்.

"இருக்கேன்!" நடுங்கும் குரல். மூச்சு வாங்கும் குரல். அவள் தம்பியின் குரல். பிரேக் கன்றுக்குட்டியாகக் கத்தியது. "நடுவுல எங்க போயிட்ட நீ? கூப்டுக் கூப்டுப் பாத்தேன். உயிரே போயிடுச்சு!"

"ஆல்வீசே!" நீவெஸ் அலறினாள். "நில்லுடா! அது நான் இல்ல! நான் இங்க இருக்கேன்! நில்லு!"

மேலே ஒரு கணம் பிரேக் இறுகியது.

"நீவெஸ், கீழ யாரோ கத்தற மாதிரி இல்ல?"

"பாறையில பட்டுத் திரும்புற சத்தம்" என்றது அவளுடைய குரல். "ரோட்டப் பாக்காத. என் சக்கரத்த மட்டும் பாரு."

"சரி, சரி."

சைக்கிளைக் கீழே போட்டாள். சாலையின் நடுவில் போய்க் கைகளை விரித்து நின்றாள்.  கத்தினாள். அவன் பெயர். நில்லு. ஒரியெட்டா பெயர். குழந்தை பெயர். நில்லு. குரல் உடைந்தது. டிக் டிக் டிக் நெருங்கியது.

மூடுபனியிலிருந்து வந்தார்கள்.

முன்னால் பச்சைச் சட்டை. கழுத்தில் செய்தித்தாளின் ஓரம் எட்டிப் பார்த்தது. கால்கள் அசையவில்லை. ஹெல்மெட்டுக்குக் கீழே அவளுடைய முகம். அவளுடைய மூக்கு, அவளுடைய உதடு. கண்கள் மூடியிருந்தன. தூங்குகிற மாதிரி.

பின்னால் ஆல்வீசே. தலை குனிந்து. அந்தச் சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு. அவள் சொன்னபடி.

அது அவளைத் தாண்டும்போது வலது முழங்கையை வெடுக்கென்று ஆட்டியது.

இறக்கத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை. ஆனால் ஆல்வீசே யோசிக்கவில்லை. அதை மறுத்துப் பழக்கமில்லை. அக்கா முதன்முறையாக இறக்கத்தில் தன்னை முன்னால் விடுகிறாள். தலையைத் தாழ்த்தி, பிரேக்கிலிருந்து விரலை எடுத்தான். அவன் முகத்தில் பயமே இல்லை. நீவெஸ் பாய்ந்தாள். விரல்கள் சட்டையில் உரசின. பிடிபடவில்லை.

ஆரஞ்சு வலை ஒரு முறை விம்மியது. அறுந்தது.

காதைப் பொத்திக்கொண்டாள். சத்தம் வரப்போகிறது. பாறையில். ஆற்றில். இப்போது. இப்போது.

வரவில்லை.

கையை எடுத்தாள். டிக் டிக் டிக். வலைக்கு அந்தப் பக்கம். சாலை இல்லாத இடத்தில். கீழே போகாமல், நேராக, வெறும் மூடுபனிக்குள், ஒரே சீராக, தூரமாகிக்கொண்டே.

விளிம்பில் மண்டியிட்டாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"வளைவு!" என்று கத்தினாள். "ஆல்வீசே, வளைவு!"

டிக் டிக் சத்தம் நின்றது.

"இருக்கேன்" என்றது அந்த வெறும் வெளி. இரண்டு குரல்களில். ஒன்று அவனுடையது. இன்னொன்று அவளுடையது.