நிற்காத சக்கரம்

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. காலை மணி 10.17. இடைவிடாத தூறல்.

"ஐயோ... தம்பீ!"

அலறல் தெருவின் மறுகோடி வரை கேட்டது.

பட்டறைத் தரையில் ஒருவன் மல்லாந்து கிடந்தான். வலக்கை கருகியிருந்தது. அவன் தலைமாட்டில், ஆளுயரச் சக்கரமொன்று எதுவும் நடவாததுபோல் சுழன்றுகொண்டிருந்தது!

மின் பரிசோதகர் வந்து சேர்ந்தபோது மணி 11.05. அடிபட்டவனை மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒரு தாளை நீட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே சார்?"

பரிசோதகர் பார்த்தார். சென்ற மாதம் அவரே வழங்கிய சான்றிதழ். 'இச்சக்கரத்திற்கு வெளி மின்னிணைப்பு எதுவும் இல்லை.'

"என்னுடையதுதான்."

"அப்ப கரண்ட் இந்தச் சக்கரத்துலேர்ந்துதான் வந்திருக்கு. செஞ்சவர் மேல கேஸ். வெளியிலேர்ந்து வந்திருந்தா... மன்னிக்கணும், உங்க மேல!"

இருபத்தாறு ஆண்டுப் பணியில் ஒரு காற்புள்ளியைக்கூட இடம் மாற்றி வைத்தறியாதவர் பரிசோதகர். சான்றிதழை இன்னொரு முறை படித்தார்.

"என் சக்கரம்தான் சார் அடிச்சிது!"

குளித்துத் துவட்டாத தலையோடு தெருவிலிருந்து ஓடிவந்தார் சக்கரத்தைச் செய்தவர். அது தானாகவே சுழன்று மின்சாரம் தரும் என்பது அவர் வாதம்; தெரு அவருக்கு வைத்த பெயர் சக்கரவர்த்தி. அடிபட்டவன் அவருடைய மச்சான், எலெக்ட்ரீஷியன்.

"கரண்ட்டே வராதுன்னு சிரிச்சாங்களே, இப்ப என்ன சொல்றாங்க? எழுதிக்குங்க! என்னை அரெஸ்ட் பண்ணுங்க!"

"மச்சான் உசுருக்குப் போராடறான். நீங்க சந்தோஷப்படறீங்க?"

"துக்கம் ஒரு பக்கம் சார். ஆதாரம் ஒரு பக்கம்!"

அவருடைய மனைவி சுவரோரம் முந்தானையால் வாயைப் பொத்தி நின்றாள்.

பரிசோதகர் ஃபியூஸ் பெட்டியைத் தேடிப் போனார். எதையும் தொடுமுன் வீட்டு ஃபியூஸைப் பிடுங்கித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். அதைச் செய்தார்.

சக்கரம் தளர்ந்தது... தள்ளாடியது... நின்றது!

"பாருங்க சார்! மச்சானை நினைச்சு ஓஞ்சு போச்சு. அதுக்கும் மனசு உண்டு."

பரிசோதகர் ஃபியூஸை மாட்டினார். சக்கரம் சுழன்றது.

"தேறிடுச்சு!" என்றார் சக்கரவர்த்தி.

பரிசோதகர் மறுபடியும் ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, சக்கரத்தின் அடிப்பெட்டிமுன் மண்டியிட்டார். மூடிக்கு நான்கு போல்ட்டுகள். மூன்று தரையில் கிடந்தன; ஒன்று மட்டும் அவசரமாக முடுக்கப்பட்டிருந்தது. ஷாக் அடித்து விழுந்தவன் எழுந்துவந்து மூடியை மாட்டியிருக்க முடியாது...

"அதைத் தொடாதீங்க! பேலன்ஸ் போயிடும்! நானே அஞ்சு மாசமா திறக்கலை!"

சென்ற மாதமும் இதையேதான் சொன்னார். அன்று பரிசோதகர் மதிப்பளித்துக் கையை எடுத்துக்கொண்டார்.

இன்று எடுக்கவில்லை.

மூடி கழன்றது. உள்ளே ஒரு மோட்டார்! அதிலிருந்து புறப்பட்ட வயர் தரைக்கடியில் நுழைந்து, அடுத்த அறையில் வாஷிங் மெஷினுக்கான பிளக் பாயின்ட்டில் போய் முடிந்தது.

"பலே!" இன்ஸ்பெக்டர் சக்கரவர்த்தியின் தோளைப் பற்றினார். "ஊரை ஏமாத்தினது பத்தாதுன்னு மச்சானையும் காவு குடுக்கப் பாத்தியா?"

"சத்தியமா எனக்குத் தெரியாது சார்!"

ட்ரிங்... ட்ரிங்...

இன்ஸ்பெக்டரின் செல்போன். ஸ்பீக்கரில் போட்டார். எதிர்முனையில் மருத்துவமனைக் காவலர்.

"ஐயா, ஆள் கண் முழிச்சிட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேக்கறார்... 'நான் ஆஃப் பண்ண சுவிட்சை அக்கா ஏன் போட்டா?'"

மூவரும் சுவரோரம் நின்றவள் பக்கம் திரும்பினார்கள்.

அவள் அப்படியே சுவரில் சரிந்து உட்கார்ந்தாள்.

"பதினொரு வருஷம் சார்! சக்கரம் நின்னா இவர் சாப்பிட மாட்டார், தூங்க மாட்டார். பாத்துக்கிட்டு இருக்க முடியலை. அஞ்சு மாசம் முன்னால நான்தான் தம்பிகிட்ட மோட்டார் வைக்கச் சொன்னேன். இன்னிக்கு ஏதோ வயர் லூஸுன்னு வந்தான். இவர் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிக்கணும்... பாத்ரூம் கதவு சத்தம் கேட்டுது. சக்கரம் நின்னிருந்துது. பதறிப்போய் சுவிட்சைப் போட்டுட்டேன்!"

"அவன் விழுந்ததும் சுவிட்சை அணைச்சு, மூடியையும் மூடிட்டு, மறுபடியும் போட்டீங்க?" என்றார் பரிசோதகர்.

"இவர் பாத்துடக் கூடாதே சார்..."



சக்கரவர்த்தி மோட்டாரையே வெறித்தார். உதடு துடித்தது. கண் கலங்கியது. பிறகு... முகம் மலர்ந்தது!

"அடிப்பாவி! அப்ப இந்த மோட்டார்தான் என் சக்கரத்தை இத்தனை நாளா இழுத்துப் பிடிச்சிட்டு இருந்திருக்கு! இது இல்லேன்னா இன்னும் வேகமா ஓடியிருக்குமே!"

பரிசோதகர் பேனாவைத் திறந்தார். நிறுத்தி நிதானமாக எழுதினார். 'சான்றிதழ் இரத்துச் செய்யப்படுகிறது. நேர்ந்தது விபத்து. அடிப்பெட்டியைத் திறந்து பாராமல் சான்றளித்தது என் பிழை.' ஒப்பமிட்டு நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் படித்தார்.

"உங்க வேலைக்கே உலை வச்சுக்கிட்டீங்களே சார்! ஆமா... எந்தக் கனெக்‌ஷனும் இல்லாம தானா ஓடறதுன்னு உலகத்துல ஒண்ணுமே கிடையாதா?"

பரிசோதகர் திரும்பிப் பார்த்தார். சக்கரவர்த்தி இன்னும் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"உண்டு. ஃபியூஸ் என் பையில இருக்கு. அவர் வாய் நின்னுச்சா, பாருங்க!"