செலஸ்டினின் பதினொரு பக்கங்கள்

கடல் ஏற்ற இறக்கங்களான ஓதங்களைப் பற்றிய ஒரு மணி நேர விரிவுரை முடிந்தபோது, ஆவுடைச்செல்வியின் குறிப்புணரி மூன்று வரிகள் எழுதியிருந்தது. செலஸ்டினுடையது பதினொரு பக்கங்கள்.

நெற்றியில் அணியும் அந்த மெல்லிய பட்டை, காதில் விழும் ஒவ்வொரு கருத்தையும் மூளை எவ்வாறு எதிர்கொள்கிறது என்று கவனிக்கும். அறிந்ததை விட்டுவிடும், அறியாததை மட்டும் எழுதிக்கொள்ளும். அதன் தீர்ப்பு ஒருமுறையும் தவறியதில்லை. தூத்துக்குடியின் அந்தக் கடலியல் வகுப்பில், பேராசிரியர் தெய்வநாயகம் இருபது ஆண்டுப் பணிக்குப் பின் மாணவர்களின் முகங்களைக் கண்டார். அதற்கு முன் அவர் கண்டவை குறிப்பெழுதக் குனிந்த உச்சந்தலைகளே.

பக்க எண்ணிக்கை பட்டையின் விளிம்பில் எல்லோருக்கும் தெரிய ஒளிரும். ஆகவே செலஸ்டினுக்குப் 'பதினொண்ணு' என்ற பெயர் வாய்த்தது. அப்பாடத்தில் இருமுறை தோற்றவன் அவன். மூன்றாம் முறையும் தோற்றால் கல்லூரியை விட்டு நீங்க வேண்டும்.

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கையில், வகுப்பின் முதல் மாணவியான ஆவுடைச்செல்வி தன் மூன்று வரிகளைத் திறந்தாள். எஞ்சியவற்றை அவள் அன்று அறிந்திருந்தது உண்மை. இன்று அவை நினைவில் இல்லை. மற்றவர்களின் நிலையும் அதுவே. அந்த விரிவுரை முழுதாக இருந்தது ஒருவனிடம் மட்டும்.

"பதினொண்ணு, ஒன் நோட்ஸக் கொஞ்சம் குடேன்."

"பேரச் சொல்லிக் கேளு."

"செலஸ்டின்."

கொடுத்தான். எல்லோரும் படியெடுத்தார்கள், பிறகு ஐயம் கேட்டார்கள். விடை சொல்வதற்காக அவன் தன் குறிப்புகளைப் படிக்க நேர்ந்தது. அடுத்த விரிவுரையில் அவன் பட்டை ஏழு பக்கங்கள் எழுதியது, அதற்கடுத்ததில் நான்கு. வகுப்பு கலங்கியது.

"இன்னும் ஒரு பாடம் பாக்கி இருக்கு," என்றாள் ஆவுடைச்செல்வி. "அதுவரைக்கும் நீ ஒண்ணும் படிச்சிராத."

"நான் பெயிலாகிக் காலேஜ விட்டுப் போனாலும் ஒங்களுக்கு நோட்ஸ் கெடச்சாப் போதும், என்ன?"

அவன் அன்றே நூலகம் சென்று இறுதிப் பாடத்தை முன்கூட்டிப் படித்தான்.

இறுதி விரிவுரையில் அவன் குறிப்புணரி எழுதியது ஒரே வரி.

"கெடுத்துட்டியே," என்றாள் அவள்.

செலஸ்டின் மேசைக்கடியிலிருந்து எட்டுத் தாள்களை எடுத்து நீட்டினான். இப்போது ஓவியக் கடையில் மட்டுமே கிடைக்கும் பென்சிலால், விரிவுரை முழுவதும் கோணல்மாணலாக எழுதப்பட்டிருந்தது.

"ஒனக்குத் தெரியும்னு பட்டையே விட்டுருச்சு. பெறகு எதுக்கு எழுதின?"

"தெரிஞ்சதுதான மறக்கும்," என்றான். "ரெண்டு தடவ பெயிலானவன்ட்ட கேளு."

செலஸ்டின் அறுபத்தெட்டு மதிப்பெண் பெற்றுத் தேறினான். ஓவியக் கடையில் பென்சில்கள் தீர்ந்தன. அடுத்த பருவத்தின் முதல் நாள், பேராசிரியர் தெய்வநாயகம் பாடத்தைத் தொடங்கிவிட்டு வகுப்பை ஆவலோடு நோக்கினார். குறிப்புணரிகள் பிழையின்றி ஒளிர்ந்தன. அவற்றின் கீழ் ஒரு முகமும் தெரியவில்லை.