விரிப்பின் மறுபக்கம்

விமான நிலையத்திலிருந்து வந்த பஸ் கடைசி நிறுத்தத்தில் ஒல்லியை இறக்கிவிட்டு, முகத்தில் அடித்தாற்போலக் கதவை மூடிக்கொண்டு போனது. சின்ன வயதிலிருந்தே எல்லாரும் அவளை ஒல்லி என்றே கூப்பிட்டுப் பழகியதில், பாஸ்போர்ட்டில் இருந்த பெயர் யாருடையதோ என்று அவளுக்கே தோன்றும். இரண்டு பெட்டிகளோடு நடைபாதையில் நின்றாள். கூட்டம் அவளை இடித்துக்கொண்டு போனது. மன்னிப்புக் கேட்க வேண்டாம், திரும்பியாவது பார்த்திருக்கலாம். அவ்வளவு பெரிய ஊரில் அதற்குக்கூட ஒருவருக்கும் நேரமில்லை. நிழலுக்காக ஒரு கடை வாசலில் ஒதுங்கினாள். கடைக்காரர் வெளியே வந்து, நாயை விரட்டுகிற மாதிரி கையை வீசினார்.

வெகு நேரம் கழித்துச் சித்தி வந்தாள். அம்மாவுடன் பிறந்தவள். இந்த ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறாள்.

"இளைச்சுட்டியேன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா சித்தி?"

"இளைக்க உன்கிட்ட என்ன இருக்கு? நட."

சித்தி முன்னால் நடந்துகொண்டே சொன்னாள். "சாயங்காலம் உன்னை வேலைக்கு விட்டுப் பாப்பாங்க. சூப்பர்வைசரம்மாவுக்குப் பிடிச்சாத்தான் இடம். பிடிக்கலேன்னா அடுத்த விமானத்துல ஏத்தி விட்டுடுவாங்க."

 திரும்பிப் போக ஒல்லிக்கு வீடு இல்லை. புருஷன் வேறொருத்தியோடு போன பிறகு, மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்தாள். கிளம்பும்போது அண்ணி வாசலில் நின்று தெளிவாகவே சொல்லிவிட்டாள். "அங்க நிலைச்சேன்னா உன் பொண்ணு இங்க இருப்பா. வேலை இல்லேன்னு வந்து நின்னே, ரெண்டு பேரும் வேற இடம் பாத்துக்குங்க."

ஆஸ்பத்திரிக்குப் பின்புறம், பெண் தொழிலாளிகள் தங்கும் அறை. வெளியே வெயில் கொளுத்தியது; உள்ளே கும்மிருட்டு. இரவு வேலை முடித்தவர்கள் பகலில் தூங்குவதற்காக ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். ஈரத் துணியும் பிளீச்சிங் பவுடரும் கலந்த நெடி மூக்கில் ஏறியது. வரிசையாகக் கட்டில்கள். போர்வைக்குள் சுருண்ட உருவங்கள். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

சித்தி காதோடு சொன்னாள். "ஒரு கட்டிலுக்கு ரெண்டு பேரு. ஒருத்தி வேலைக்குப் போனா இன்னொருத்தி படுப்பா. சுவரோரக் கட்டில் உனக்கு. எழுந்திரிச்சதும் விரிப்பைத் திருப்பிப் போட்டுட்டுத்தான் நகரணும். ஒரு பக்கம் உனக்கு, மறுபக்கம் அவளுக்கு. மறந்துடாத."

"அவ எப்போ வருவா?"

"கேள்வி கேக்காத. திருப்பிப் போடு, போதும்."

சித்தி போய்விட்டாள். ஒல்லி விரிப்பைத் தடவிப் பார்த்தாள். பிசுபிசுத்தது. அடுத்தவள் படுத்து எழுந்த அழுக்கில் தானும் படுத்து, அதையே புரட்டி அவளுக்கும் கொடுப்பதா? அவள் வளர்ந்த வளர்ப்பு அதற்கு இடம் கொடுக்கவில்லை. முகம் தெரியாதவளாக இருந்தாலும் அதே கட்டிலில் படுக்கிறவள், அவளுக்கும் நல்லதாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தாள். விரிப்பை உருவிச் சுருட்டி, கதவோரம் இருந்த அழுக்குத்துணி மூட்டையில் திணித்தாள். சற்று நேரத்தில் ஓர் ஆள் வந்து அந்த மூட்டையைச் சலவைக்கூடத்துக்கு இழுத்துப் போனான். ஒல்லி தன் பெட்டியிலிருந்த புதுப் போர்வையை விரித்துப் படுத்தாள். அலைந்த அலுப்பில் கண்கள் உடனே சொருகிக்கொண்டன.

விழிப்பு வந்தபோது முதுகு வெதுவெதுவென்று இருந்தது.

யாரோ முதுகோடு முதுகாகப் படுத்திருந்தார்கள்.

கூட்டாளி வந்துவிட்டாள் போலிருக்கிறது, பாவம், எழுப்பக்கூட மனசில்லாமல் ஓரமாகப் படுத்துவிட்டாள் என்று நினைத்து ஒல்லி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பிளீச்சிங் பவுடர் நெடி தலையணை வரைக்கும் வந்தது. கண்ணில் நீர் கட்டியது.

"என் பக்கம் எங்க?"

தூக்கக் கலக்கத்தில் பேசுகிற குரல்.

"படுங்க அக்கா, நான் எழுந்துடறேன்," என்று முணுமுணுத்தாள் ஒல்லி.

"என் பக்கம் எங்க?"

அவளுக்கு அடியில் போர்வை நகர்ந்தது. மெத்தைக்கும் போர்வைக்கும் நடுவே ஒரு கை நுழைந்து, மெதுவாகத் துழாவிக்கொண்டே வந்தது. தோளைத் தொட்டது. இடுப்பைத் தொட்டது.

ஒல்லி கட்டிலிலிருந்து விழுந்து எழுந்தாள். திரும்பிப் பார்த்தாள்.

கட்டில் காலி.

எதிர்க்கட்டில்காரி போர்வையை விலக்கித் தலையைத் தூக்கினாள். "என்ன சத்தம்? திருப்பிப் போட்டியா இல்லியா?"

"அழுக்கா இருந்துச்சு. துவைக்கப் போட்டுட்டேன்."

அவள் சட்டென்று எழுந்தாள். தன் தலையணையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அடுத்த கட்டில்காரியும் எழுந்து போனாள். கடைசியில் அறையில் ஒல்லி மட்டும் நின்றாள். மெத்தையின் நடுவே ஓர் ஆள் படுத்தால் பள்ளம் விழுமே, அப்படி ஒரு பள்ளம் இருந்தது. அது மெல்ல மேலெழும்புவதைப் பார்த்ததும் அவளும் ஓடினாள்.

மாலையில் கூட்டிப்போக வந்த சித்தி, விஷயத்தைக் கேட்டதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அவ முன்னாடி அந்தச் சுவரோரக் கட்டில்ல என்கூட முறை போட்டுப் படுத்தவடி. ராத்திரி வேலையில துணி மூட்டை சரிஞ்சு மேல விழுந்துச்சு. காலையில பொணமாத்தான் வெளியே எடுத்தோம். அதுக்கப்புறமும் படுக்க வந்துட்டே இருக்கா. அந்த விரிப்புல அவ பக்கத்தைக் குடுத்தா, தன் பாட்டுக்குக் கிடப்பா. இத்தனை வருஷமா ஒருத்தரையும் தொட்டதில்ல."

"வேற விரிப்பு போட்டா?"

"அந்தப் பழைய விரிப்புதான் அவளுக்குக் கணக்கு; அது கூடத்துல ஆயிரம் விரிப்போட கலந்திருக்கும். இப்போ எதுல வேணா படுப்பா. இனி அவளாச்சு நீயாச்சு. என்கிட்ட வராத."

சலவைக்கூடத்தில் மெஷின்கள் இரைந்தன. காய்ந்த விரிப்புகளை மடிப்பதுதான் ஒல்லிக்குக் கொடுத்த வேலை. எல்லாரும் ஜோடி ஜோடியாக நின்றார்கள். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து, முனையை ஒருத்தி மற்றவள் கையில் கொடுக்க வேண்டும். விரிப்பு தரையில் பட்டால் திரும்பத் துவைக்கப் போய்விடும்.

ஒல்லிக்கு எதிரே யாரும் நிற்கவில்லை. சித்தி தொலைவில் இன்னொருத்தியோடு நின்றாள்.

"வேலை முடியற சங்கு ஊதறதுக்குள்ள இந்த விரிப்பு வண்டி காலியாகணும்," என்றாள் சூப்பர்வைசரம்மா.

"எனக்கு ஜோடி இல்லம்மா."

"அது உன் பாடு."

முதல் விரிப்பு தரையில் புரண்டது. இரண்டாவதும் புரண்டது. சூப்பர்வைசரம்மா உதட்டைப் பிதுக்கிவிட்டு, யாருக்கோ போன் போட்டாள்.  அண்ணி வீட்டு வாசலில் பையோடு நிற்கும் மகள் ஒல்லியின் கண்ணுக்குள் வந்தாள். அடுத்த விரிப்பை எடுத்தாள்.

மறுமுனை தானாக எழுந்தது.

விரிப்பு நடுவில் தொய்யாமல் விறைத்து நின்றது. பக்கத்து மேஜைப் பெண்கள் கையை நிறுத்தினார்கள். பிறகு மேஜையைச் சத்தமில்லாமல் தள்ளி நகர்த்திக்கொண்டார்கள்.

 ஒல்லி நினைத்தால் கையை விட்டுவிடலாம். விரிப்பு விழும், வேலை போகும், அவளும் போய்விடலாம்.

எங்கே போவாள்?

அவள் விடவில்லை. உதறினாள். எதிர்ப்பக்கமும் உதறியது. முன்னால் நடந்தாள். துணி மடிந்து நெருங்கியது. பிளீச்சிங் நெடி முகத்தில் மோதியது. வெதுவெதுப்பான விரல்கள் முனையை அவள் உள்ளங்கையில் பதமாக வைத்துவிட்டுப் பின்னால் போயின.

அடுத்தது. அதற்கும் அடுத்தது. ஒவ்வொரு தடவையும் விரல்கள் கொஞ்சம் கூடுதல் நேரம் தங்கின.

சங்கு ஊதியபோது வண்டி காலி. சூப்பர்வைசரம்மா மேஜையைப் பார்த்தாள். ஒல்லியின் முகத்தைப் பார்க்கவில்லை. "இருக்கலாம் நீ," என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனாள்.

மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. அந்த நினைப்பில் ஒல்லி வாய்விட்டு அழுதாள். கண்ணைத் துடைக்கக் கையை எடுக்கப் பார்த்தாள்.

கை வரவில்லை. கடைசி விரிப்பின் முனையைக் கொடுத்த விரல்கள் இன்னும் பிடித்திருந்தன.

"வா," என்றது அந்தத் தூக்கக் குரல். "படுக்கலாம்."

ஒரு கையை முன்னால் நீட்டியபடி ஒல்லி வாசலை நோக்கி நடந்தாள். சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வழியில் நின்ற பெண்கள், இரண்டு பேர் போகிற அளவுக்கு ஒதுங்கி நின்றார்கள்.